அந்த ஒக்டோபஸ் படத்தை எடுங்கள்: செயற்குழுத் தோழர்களுக்குத் திறந்த மடல்

தோழர்களே,

சென்ற கூட்டக் குறிப்பின் ஏழாவது பந்தியை வாசித்துவிட்டு இதை எழுதுகிறேன். “பொருளாளரின் முறைப்பாடு சியோனிச லொபியின் பிரசாரத்தை ஒத்திருப்பதால் விவாதத்துக்கு எடுக்கப்படவில்லை” என்று அதில் இருக்கிறது. பொருளாளர் நான்தான். பதினொரு வருடமாக உங்கள் மண்டப வாடகையையும் தேத்தண்ணிச் செலவையும் பார்க்கிற ஆள். அதாவது, இஸ்ரேலுக்காக வேலை செய்யும் அழுத்தக் குழு பேசுவதை நான் பேசுகிறேனாம். எந்த லொபி என்னை எப்போது வந்து சந்தித்தது என்று குறிப்பில் இல்லை. வந்திருந்தால் மண்டப வாடகையையாவது கேட்டு வாங்கியிருப்பேன்.

இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. செயலாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். “இதைப் பெரிசாக்காதையுங்கோ அண்ணை” என்றார். சரி, இனி எல்லோரும் வாசிக்கட்டும். லண்டனில் இருக்கும் எங்கள் தமிழ் இடதுசாரி வட்டத்தில் பிரித்தானியத் தொழிற்கட்சியில் இருப்பவர்களும் இருக்கிறார்கள், அதிலிருந்து விலகியவர்களும் நீக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். இது எல்லோருடைய காதிலும் விழவேண்டிய கதை.

என் முறைப்பாட்டில் இருந்தவை இரண்டே விடயங்கள். ஒன்று, காஸா ஊர்வலத்துக்கென்று அடித்த துண்டுப் பிரசுரம். அதில் உலக உருண்டையைச் சுற்றிப் பிடித்திருக்கும் ஒக்டோபஸ். அதன் தலையில் யூதர்களின் சின்னமான தாவீதின் நட்சத்திரம். ஒவ்வொரு காலிலும் வங்கி, ஊடகம், பாராளுமன்றம் என்று எழுதியிருக்கிறது. இணையத்தில் கிடைத்த படம், கருத்துப் படம்தானே என்று சொன்னீர்கள். 1904இல் அமெரிக்காவில் ஸ்டாண்டர்ட் ஒயில் கம்பனியையும் ஒக்டோபஸாக வரைந்தார்கள். அது நல்ல கேலிச்சித்திரம், ஏனென்றால் வரைந்தது ஒரு கம்பனியை. தலையில் தாவீதின் நட்சத்திரத்தை வைத்து உலகத்தைப் பிடிக்க விட்டவர்கள் நாஜிக் கேலிச்சித்திரக்காரர்கள். அந்த ஒக்டோபஸுக்கு அரசு இல்லை, இராணுவம் இல்லை, பிரதமர் இல்லை, ஒரு இனம் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் பிரசுரத்தில் நெதன்யாகுவின் பெயர்கூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா? காஸாவில் குண்டு போடுகிற அரசைப் பற்றிய பிரசுரத்தில் அந்த அரசே இல்லை.

இரண்டாவது, பேச வரவிருந்த அந்தத் தோழி. பராமரிப்பு இல்லங்களில் இரவு வேலை செய்யும் பெண்களைச் சங்கத்தில் சேர்த்தவர். எங்கள் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவரை அழைத்ததே அதற்காகத்தான். குடும்பப் பெயரைப் பார்த்து யூதர் என்று யாரோ கண்டுபிடித்ததும், இஸ்ரேல் அரசைக் கண்டிக்கும் அறிக்கையில் கையெழுத்திட்டால்தான் மேடை என்று கடிதம் போயிருக்கிறது. அதற்கு முந்தைய மாதம் பேசிய ஆங்கிலேயரிடம் ஈராக் போரைப் பற்றி ஏதாவது கையெழுத்துக் கேட்டோமா? கேரளத்திலிருந்து வந்த தோழரிடம் காஷ்மீரைப் பற்றிக் கேட்டோமா? அந்தத் தோழி ஒரே வரியில் பதில் எழுதினார்: நான் சம்பளத்தைப் பற்றிப் பேச வந்தேன், வேறு ஒன்றுக்கும் இல்லை. அவர் காஸாவைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

கேள்வி கேட்கப்படுகிற பக்கத்தில் நின்றவர்கள் நாங்கள். 98இல் வவுனியாவில் இராணுவம் கொடுக்கும் பயண அனுமதிப் பாஸுக்காக வரிசையில் நின்றபோது, மேசைக்குப் பின்னால் இருந்தவன் என் பெயரைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “கொட்டியா?” சிங்களத்தில் புலியா என்று. லண்டன் வந்தபிறகு, 2001இல் இங்கே புலிகளைத் தடை செய்தபோது, வேலையிடத்தில் ஒருவன் சிரித்துக்கொண்டே அதையே கேட்டான். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழ்ச் சனத்தை விடியப்புறம் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்களே, செயற்குழுவில் ஒருவருடைய தாயார் அந்த பஸ்ஸில் இருந்தவர். அதை அவரே கூட்டத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நீ யார் என்பதற்காக, உன் பெயரில் யாரோ எங்கோ செய்வதற்குக் கணக்குக் காட்டு என்றால் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. பிறகு எப்படி அந்தக் கடிதத்தில் உங்கள் கை போனது?

இஸ்ரேலுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் மொழியில் கிபிர் என்று ஒரு சொல் இருக்கிறது. அகராதியில் தேடினால் கிடைக்காது. போர்க்காலத்தில் வன்னியில் பிறந்த நாலு வயதுப் பிள்ளைக்கு அம்மா, அப்பாவுக்கு அடுத்ததாக அந்தச் சொல் தெரிந்திருந்தது. இஸ்ரேல் விற்ற போர் விமானம் அது. சத்தம் கேட்டு பங்கருக்குள் ஓடினால், விமானம் ஏற்கெனவே போயிருக்கும், குண்டு விழுந்திருக்கும். 2006 ஆகஸ்ட் 14 செஞ்சோலையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவிகளைக் கொன்றது கிபிர். எண்பதுகளில் இலங்கைப் படைக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர்களும் இஸ்ரேலியர்தான். அந்த அரசின் மீது எனக்கு இருக்கிற கோபம் புத்தகத்தில் படித்து வந்ததல்ல. காஸாவில் பல்லாயிரம் பேர் செத்ததைப் பார்க்கும்போது அந்தச் சத்தம் திரும்பவும் காதில் கேட்கிறது. அதனால்தான் ஊர்வலத்துக்கு வருகிறேன், இனியும் வருவேன். ஆனால் கிபிரை விற்றது ஒரு அரசு, ஒரு ஆயுதக் கம்பனி. வாங்கியது இன்னொரு அரசு. எட்ஜ்வெயாரில் என் எதிர்வீட்டில் இருக்கும் யூதக் கிழவர் அதை விற்கவில்லை.

அந்தக் கிழவருடைய பேரப்பிள்ளைகள் படிக்கும் ஆரம்பப் பள்ளியின் வாசலில் காவலாளி நிற்கிறார். எங்கள் பிள்ளைகளின் பள்ளி வாசலில் நிற்பது வீதியைக் கடக்க விடும் அம்மா மட்டும்தான். 2025 அக்டோபர் 2ஆம் திகதி, யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூர் அன்று, மான்செஸ்டரில் யூதத் தொழுகைக் கூடத்தின் வாசலில் தாக்குதல் நடந்து இரண்டு பேர் செத்தார்கள். அன்று மாலை எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்ட செய்தி: “இஸ்ரேல் செய்கிறதுக்கு இப்படித்தான் நடக்கும்.” நாலு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். 83 ஜூலையில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் செத்ததும், கொழும்பில் தமிழரின் கடைகளை எரித்தவன் சொன்ன வாக்கியம் வேறா? எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

இனி தொழிற்கட்சி விவகாரம், ஜெரமி கோர்பின் தலைவராக இருந்த காலத்தில் கட்சிக்குள் யூத எதிர்ப்பு இருந்தது என்ற குற்றச்சாட்டு. “கோர்பினை விழுத்த எழுப்பிய புரளி, அதில் உண்மையே இல்லை” என்பது எங்கள் வட்டத்தில் வேதவாக்காகிவிட்டது. 2015 தலைவர் தேர்தலில் மூன்று பவுன் கட்டி அவருக்கு வாக்குப் போட்டவன் நான். வேறு எம்பிக்கள் திரும்பியும் பார்க்காத காலத்தில் தமிழர் கூட்டங்களுக்கு வந்து பேசியவர் அவர். அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது. அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

சமத்துவ, மனித உரிமைகள் ஆணைக்குழு 2020 அக்டோபர் 29 வெளியிட்ட அறிக்கையை எங்களில் எத்தனை பேர் வாசித்தீர்கள்? அச்செடுத்து மேசையில் வைத்தேன், போன முறை அதன் மேல் வடைத்தட்டு இருந்தது. 2010 சமத்துவச் சட்டத்தைக் கட்சி மீறியது என்பது அதன் முடிவு. 70 முறைப்பாட்டுக் கோப்புகளைப் பார்த்திருக்கிறார்கள், அவற்றில் 23 தடவை அரசியல் தலையீடு நடந்திருக்கிறது. முறைப்பாடுகளைக் கையாள்பவர்களுக்கு ஒழுங்கான பயிற்சி இல்லை. யூத உறுப்பினர்கள் தொந்தரவுக்கு ஆளாகியிருக்கிறார்கள். சட்டவிரோதத் தொந்தரவு என்று அறிக்கை சொல்வது இரண்டு வகை நடத்தையை. ஒன்று, யூதரைப் பற்றிய பழைய அவதூறுகளைப் பாவிப்பது. மற்றது, முறைப்பாடு செய்பவர்களைப் பார்த்து இது பொய், அவதூறு என்று சொல்வது. இப்போது உங்கள் ஏழாவது பந்தியை இன்னொரு முறை வாசியுங்கள்.

அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது: இஸ்ரேல் அரசை விமர்சிப்பது கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்குள் வருகிறது. அதை யாரும் எங்களிடமிருந்து பறிக்கவில்லை.

மூத்த தோழர் ஒருவர், லண்டனின் முன்னாள் மேயர் கென் லிவிங்ஸ்டன் சொன்னது வரலாறுதானே என்றார். 2016 ஏப்ரலில் வானொலியில், யூதருக்குப் பாலஸ்தீனத்தில் நாடு வேண்டும் என்ற சியோனிசத்தை ஹிட்லர் ஆதரித்தவர் என்று லிவிங்ஸ்டன் சொன்ன விடயம். 1933இல் நாஜி அரசோடு ஒரு ஒப்பந்தம் இருந்தது உண்மை. சொத்தை விட்டுவிட்டு, மிச்சத்தைச் சாமானாக மாற்றி, உயிரோடு பாலஸ்தீனத்துக்குப் போக ஜெர்மன் யூதர்களுக்கு இருந்த ஒரு வழி. துரத்தியவனோடு பேசித்தான் தப்ப முடிந்தது. அண்ணை, நானும் நீங்களும் வவுனியாவில் இராணுவத்திடம் பாஸ் வாங்கித்தான் வெளியே வந்தோம். அதை வைத்து இராணுவம் எங்களை ஆதரித்தது என்று நாளைக்கு ஒருவன் வானொலியில் சொன்னால் நீங்கள் வானொலிப் பெட்டியை உடைப்பீர்கள்.

கிழக்கு லண்டனில் பிரிக் லேன் பக்கத்து ஹன்பரி வீதியில் 2012இல் வரைந்த சுவரோவியம் நினைவிருக்கும். பணக்கார ஆண்கள் சிலர் குனிந்திருக்கும் மனிதர்களின் முதுகில் பலகை வைத்து மொனொப்பொலி ஆடுகிறார்கள். அதை அழிக்கப் போகிறார்கள் என்றதும், லெனின் படத்துக்காக ரொக்கபெல்லர் அழித்த தியேகோ ரிவேராவின் ஓவியத்தை நினைவுபடுத்தி கோர்பின் முகநூலில் ஓவியருக்கு ஆதரவாகக் கருத்துப் போட்டார். 2018 மார்ச்சில் அது வெளியே வந்தபோது, படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று வருந்தினார். நான் அதை நம்புகிறேன், அதுதான் எனக்குப் பயம் தருகிறது. முப்பது வருடத்துக்கு மேலாக இனவெறிக்கு எதிராக வீதியில் நின்ற ஒருவரின் கண்ணுக்கே, யூதரைக் கேலிசெய்ய வரையும் அந்த வளைந்த மூக்குகள் தெரியவில்லை. உழைப்பவன் முதுகு, மேலே வங்கிக்காரன், அவ்வளவுதான் தெரிந்தது. எங்களுக்கும் ஒக்டோபஸில் ஏகாதிபத்தியம் மட்டும்தான் தெரிந்தது.

அந்த வீதிக்குக் கிட்ட ஒரு கட்டடம் இருக்கிறது, நாங்கள் பிரியாணி சாப்பிடப் போகும்போது கடந்து போவது. 1743இல் பிரான்சிலிருந்து ஓடிவந்த புரட்டஸ்தாந்தரின் ஆலயமாகக் கட்டியது. 1898இல் யூதத் தொழுகைக் கூடமானது, 1976இல் இருந்து பள்ளிவாசல். ரஷ்யப் பேரரசிலிருந்து யூதர்கள் அங்கே வந்து சேர்ந்தபோது, கூலியைக் குறைக்கிறார்கள், இவர்களை உள்ளே விடாதே என்று 1890களில் தீர்மானம் போட்டவற்றில் தொழிற்சங்கக் காங்கிரசும் உண்டு. பிறகு 1905இல் அந்நியர் சட்டம் வந்தது. ஹீத்ரோவில் எங்களைத் துருவிய குடிவரவுக் கட்டுப்பாட்டின் பாட்டன் அந்தச் சட்டம்தான்.

இது கோர்பினோடு தொடங்கிய வியாதியல்ல என்பதற்காகச் சொல்கிறேன். ஏகாதிபத்தியம் பற்றி லெனின் எழுதியதை வாசித்தவர்களுக்கு ஆங்கிலப் பொருளியலாளர் ஹொப்சனின் பெயர் தெரியும். 1902இல் வந்த ஹொப்சனின் நூலிலிருந்து லெனின் நிறைய எடுத்தார். அந்த நூலிலேயே ஐரோப்பிய நிதியை ஒரு தனி இனத்தார் ஆட்டிவைக்கிறார்கள் என்ற வரிகள் இருக்கின்றன. 2011இல் அதன் மறுபதிப்புக்கு கோர்பின் முன்னுரை எழுதினார். அந்த வரிகளைப் பற்றி முன்னுரையில் ஒன்றும் இல்லை. 2019இல் அதுவும் சர்ச்சையானது. நானும் ஹொப்சனைப் படிப்பு வட்டத்தில் நடத்தியிருக்கிறேன், நானும் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போனேன்.

1952இல் பிராக்கில் ஸ்லான்ஸ்கி வழக்கு, செக்கோஸ்லோவாக்கியக் கம்யூனிஸ்ட் ஆட்சி தன் கட்சித் தலைவர்களையே கூண்டில் ஏற்றிய வழக்கு. குற்றஞ்சாட்டப்பட்ட 14 கம்யூனிஸ்டுகளில் 11 பேர் யூதர். 11 பேரைத் தூக்கில் போட்டார்கள். குற்றஞ்சாட்ட ‘சியோனிஸ்ட்’ என்ற சொல் போதுமானதாக இருந்தது. 1968இல் போலந்தில் அதே சொல்லை வைத்துத்தான் தங்கள் கட்சிக்காரர்களையே வேலையிலிருந்தும் நாட்டிலிருந்தும் துரத்தினார்கள். இந்தக் கதைகளை ட்ரொட்ஸ்கியவாதிகள் சொன்னால் எங்கள் கூட்டத்தில் கைதட்டுவோம். நான் சொன்னால் லொபி.

வட்ஸ்அப் குழுவுக்கு வருகிறேன். இலுமினாட்டி, யூத வங்கிக் குடும்பமான ரொத்சைல்ட், உலகத்தை ஆளும் பதின்மூன்று குடும்பங்கள் என்று யூடியூப்பில் ஓடுகிற சரக்கெல்லாம் இப்போது எங்கள் குழுவிலும் வருகிறது. இலங்கை வங்குரோத்தானதற்கும் ரொத்சைல்ட்தான் காரணம் என்று ஒருவர் போட்டார், பொருளாதாரம் படித்தவர் அவர். இலங்கை யாரிடம் எவ்வளவு கடன் வாங்கியது, என்ன வட்டி, கடன் பத்திரங்களை யார் வைத்திருக்கிறார்கள், 2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று சொன்னபிறகு யாரோடு என்ன பேரம் நடந்தது, எல்லாம் பகிரங்கத்தில் கிடக்கிறது. அதை எடுத்துப் பேசுவதற்குத்தான் மார்க்ஸ் படித்தோம். உலகத்தை ஆள யூதர்கள் சதி செய்கிறார்கள் என்று சொல்லி ரஷ்யாவில் 1903இல் அச்சான ‘சியோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’ களவாடிய போலி என்று லண்டன் டைம்ஸ் பத்திரிகை 1921லேயே நிறுவிவிட்டது. நூறு வருடம் கழித்து அதே சரக்கைத் தமிழில் பரப்புகிறோம். இதற்கு ஜெர்மன் சமூக ஜனநாயகவாதிகளிடம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு பெயர் இருந்தது: முட்டாள்களின் சோசலிசம்.

வந்த புதிதில் கோல்டர்ஸ் கிரீனில் ஒரு யூத பேக்கரியில் இரவு வேலை செய்தேன். முதலாளி கஞ்சன். மேலதிக நேரக் காசைக் கேட்டால் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். பிறகு பெற்றோல் ஷெட்டில் வேலை, முதலாளி எங்கள் ஊர்க்காரர், அயல்வீட்டு உறவு. அவர் பேக்கரிக்காரரைத் தூக்கிச் சாப்பிடுகிற கஞ்சன். முதலாவது கதையை எங்கள் ஆட்களிடம் சொன்னபோது, “அதுகள் அப்பிடித்தான்” என்றார்கள். இரண்டாவதைச் சொன்னபோது, “அவன் ஒரு மாதிரியான ஆள்” என்றார்கள்.

உங்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிலும் உண்மை இருக்கிறது. யூத எதிர்ப்பு என்ற குற்றச்சாட்டைப் பலஸ்தீன ஆதரவாளர்களின் வாயை அடைக்கத் தடியாகத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். யூத எதிர்ப்புக்கான சர்வதேச வரைவிலக்கணம் என்று கட்சி 2018 செப்டம்பரில் முழுதாக ஏற்றுக்கொண்டதே, அதை எழுதுவதில் முதன்மையானவரான கென்னத் ஸ்டேர்னே பல்கலைக்கழகங்களில் அதைப் பேச்சை அடக்கப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தவர். கட்சியே கேட்டு மார்ட்டின் போர்ட் எழுதி 2022இல் வந்த போர்ட் அறிக்கை, கட்சியின் இரண்டு அணிகளும் இந்தப் பிரச்சினையை ஒருவரையொருவர் அடிக்கும் ஆயுதமாக்கின என்று எழுதியது. கறுப்பின, முஸ்லிம் உறுப்பினர்கள் சந்தித்த இனவெறி அதே அக்கறையோடு பார்க்கப்படவில்லை என்ற மனக்குறையையும் பதிந்தது. அந்த மனக்குறை எனக்கும் உண்டு. இடதுசாரி யூத உறுப்பினர்களே ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான கூத்தும் நடந்தது. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பிரசுரத்தில் ஒக்டோபஸை வைத்தது கோர்பினுக்குப் பிறகு தலைவரான கியர் ஸ்டாமர் அல்ல. நாங்கள்தான் வைத்தோம். செலவு 86 பவுன், ரசீது என்னிடம்.

எங்கள் முகநூல் பக்கத்தின் முகப்பில் என்ன படம் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். கேபிள் வீதிச் சுவரோவியத்தின் முன்னால் நாங்கள் எல்லோரும் கைமுட்டி உயர்த்தி நிற்கிறோம். 1936 அக்டோபர் 4 பிரித்தானிய பாசிஸ்ட் தலைவன் மோஸ்லியின் கறுப்புச் சட்டைக்காரர்கள் யூதர் குடியிருப்புக்குள் ஊர்வலம் போக வந்தபோது யூதர்களும் ஐரிஷ் துறைமுகத் தொழிலாளரும் கம்யூனிஸ்டுகளும் மறித்த இடம். அந்தப் படத்துக்குக் கீழே மூன்றாவது பதிவு, ஒக்டோபஸ்.

நான் கேட்பது இவைதான். ஒக்டோபஸ் பதிவை நீக்குங்கள். ஓசைப்படாமல் அழித்துவிட்டுப் போகாமல், ஏன் நீக்கினோம் என்று அதே இடத்தில் தமிழில் நாலு வரி எழுதுங்கள். அந்தத் தோழிக்குச் செயற்குழுவின் பெயரில் மன்னிப்புக் கடிதம் போகவேண்டும், நிபந்தனை எதுவும் இல்லாமல் திரும்ப அழைக்கவேண்டும். அவர் வரமாட்டேன் என்றால் அது அவருடைய உரிமை, அதற்கும் விளக்கம் கேட்காதீர்கள். இனிமேல் பேச்சாளர் எவரிடமும் பிறப்பைப் பார்த்து உறுதிமொழி வாங்குவதில்லை என்று தீர்மானம் எடுங்கள். ஏழாவது பந்தியைத் திரும்பப் பெற்று, என் முறைப்பாட்டை ஒழுங்காக விவாதத்துக்கு எடுங்கள். அந்தப் பிரசுரத்தை வடிவமைத்தவர் அப்போது தலைமை தாங்கக்கூடாது, போன முறை அதுதான் நடந்தது. ஆணைக்குழு அறிக்கைக்கும் போர்ட் அறிக்கைக்கும் ஒவ்வொரு கூட்டம் ஒதுக்குங்கள். முதலாவதை நான் நடத்துகிறேன், இரண்டாவதை என்னோடு உடன்படாத ஒருவர் நடத்தட்டும். வட்ஸ்அப் குழுவில் மான்செஸ்டர் செய்தியைப் போட்ட தோழரோடு யாராவது ஒருவர் நேரில் பேசுங்கள். நான் பேசினால் சண்டையில் முடியும்.

அடுத்த ஊர்வலத்துக்குப் புதுப் பிரசுரம் அடியுங்கள். அந்த அரசின் பெயர், அமைச்சர்களின் பெயர், ஆயுதம் விற்கும் பிரித்தானியக் கம்பனிகளின் பெயர் எல்லாவற்றையும் போடுங்கள். கிபிரைப் பற்றியும் ஒரு பந்தி வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். அச்சுக்கூலி என் கணக்கில்.

கூட்டம் இரண்டாவது ஞாயிறு. அதற்கு முன் எழுத்தில் பதில் வேண்டும், குரல்பதிவு வேண்டாம். பழைய பிரசுரத்தில் மிஞ்சிய 340 பிரதிகள் என் காரின் பின்பக்கத்தில் கிடக்கின்றன. அவற்றை நான் ஊர்வலத்துக்குக் கொண்டுவரப் போவதில்லை.

உங்கள் பொருளாளர்